என் தோளில் நீ ஒட்டிய நட்சத்திரங்கள்

கார்த்திக்கு,

அன்பையும் ஆசீர்வாதத்தையும் சொல்லி ஆரம்பிக்க வேண்டிய இடம் இது. இரண்டும் இப்போதைக்கு என் கைவசம் இல்லை. இருப்பது கோபம்தான், அதை வைத்தே ஆரம்பிக்கிறேன். வீட்டுச் சண்டையை இப்படி ஊரறிய எழுதலாமா என்று உன் அம்மா கேட்டாள். நீ என்னை அவனியாபுரத்துக் கல்யாண மண்டபத்து வாசலில், ஷேர் ஆட்டோவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்க்கும்படி மாடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினாய். அதற்குப் பதிலை மட்டும் நான் எதற்கு உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும்? அதனால்தான் இந்த வாரம் வெளிவருகிற எங்கள் சங்கத்து மாத இதழில் இதைப் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் எல்லாம் என்னைப் போல ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படி. கல்யாணத்துக்கு முன்னால் காட்டாத பொறுமையை இப்போதாவது காட்டு.

இந்த மாதிரிக் கடிதங்களில் அப்பன்மார் நடுநடுவே தங்கள் தவறுகளையும் ஒப்புக்கொள்வார்கள். கண் கலங்கும்படி எழுதுவார்கள். நான் அப்படி எதுவும் எழுதப் போவதில்லை. இந்த விஷயத்தில் தப்பு என்னுடையது இல்லை.

நான் ஹவில்தார். சட்டைக் கையில் மூன்று பட்டை. எனக்கு ஒரு படி கீழே நாயக், அவருக்கு இரண்டு பட்டை. எனக்கு மேலே சுபேதார்கள். அவர்களுக்கும் மேலே அதிகாரிகள், கேப்டன் என்பவர் அந்த வரிசையில் வருகிறவர், தோளில் மூன்று நட்சத்திரம் வைத்திருப்பார். எனக்கு மூன்றாவது பட்டை கிடைத்த கொஞ்ச நாளிலேயே எங்கள் படைப்பிரிவு வேறு இடத்துக்குக் கிளம்பியது, என் பணிக்காலமும் முடிந்தது. அந்தக் குழப்பத்தில் பதவி உயர்வு ஆணை எங்கேயோ தங்கிவிட்டது. என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நாயக் என்றுதான் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பாராட்டு அட்டை பற்றிய பதிவும் அதில் இல்லை. பின்னால் சரிசெய்து அனுப்புவோம் என்றார்கள். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய், இப்போது உனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, அவர்கள் இன்னும் சரிசெய்து அனுப்பவில்லை.

அந்த அட்டை எதற்குக் கிடைத்தது என்பது உனக்கு நன்றாகத் தெரியும். பனிமலையில் ஒரு காவல் முனை. ஒரு நாள் காலையில் பனிச்சரிவு வந்து, சாமான் வைத்திருந்த குடிசையை மூடிவிட்டது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் போடிப் பக்கத்துப் பையன், இன்னொருவன் ஆந்திராக்காரன். மண்வெட்டியும் அந்தக் குடிசைக்குள்தான் இருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டை வைத்துத் தோண்டினேன், தட்டு வளைந்த பிறகு கையால் தோண்டினேன். ஆந்திராக்காரன் உயிரோடு வந்தான். போடிப் பையனை வெளியே எடுத்தபோது அவன் உடம்பு இன்னும் விறைத்திருக்கவில்லை, ஆனால் உயிர் இல்லை. அன்றைக்கு என் வலது கையில் போன நகங்கள் திரும்பக் கோணலாகத்தான் முளைத்தன. சின்ன வயதில் நீ அவற்றைத் தடவிக்கொண்டே தூங்குவாய். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குப் பேசச் சொன்னபோது நீ இதைத்தான் பேசினாய். "எங்கப்பா ஒருத்தரைக் காப்பாத்துனாங்க, இன்னொருத்தரைக் காப்பாத்த முடியல" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாய். அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கடைசி வரிசையில் நின்று கேட்டேன். அப்போது உனக்கு நான் போதுமானவனாக இருந்தேன்.

நான் மனுப் போட்டு அலைந்ததைக் கேலி செய்ய உனக்கு உரிமை இல்லை. உன் பள்ளிக்கூட விடுமுறைகளில் உன்னையும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு தல்லாகுளத்தில் இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். வடநாட்டில் இருக்கிற ஆவண அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். கோப்பைத் தேடினோம், ஆதாரம் இல்லை. கடைசியாகப் போன வருஷம் அங்கே பொறுப்புக்கு வந்த ஒரு நல்ல அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு உங்கள் கம்பெனியில் பொறுப்பில் இருந்த சுபேதார் யாராவது உயிரோடு இருந்தால் அவர் சத்தியப் பிரமாணம் செய்து எழுதிக் கொடுக்கட்டும், திருத்திவிடலாம் என்று பதில் போட்டிருந்தார். அப்படி இருப்பவர் ஒரே ஒருவர். செக்கானூரணிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு இருக்கிறார். என் மூன்றாவது பட்டையை என் சட்டைக் கையில் வைத்தவரே அவர்தான். எங்கள் வழக்கப்படி அவரை இன்றைக்கும் நான் சாப் என்றுதான் கூப்பிடுகிறேன். நேரில் போய்க் கேட்டபோது, "ஒம் மகன் கல்யாணத்துக்கு வாரேன், அங்கனயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றேன். நல்ல நாளாப் பாத்து நல்லது நடக்கட்டும்" என்றார். டைப் அடித்த தாளை நான் முதல் நாளே மண்டபத்துக்குக் கொண்டுபோய், தாம்பூலப் பைகள் இருந்த அறையில் பத்திரமாக வைத்திருந்தேன்.

இனி அந்தக் காலை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து நான் மண்டபத்துக்கு உள்ளேதான் இருந்தேன். சமையல்காரர்களோடு மல்லுக்கட்டுவது, வந்த உறவுக்காரர்களுக்குப் பாய் போடுவது என்று வெளியே எட்டிப் பார்க்கவே நேரம் இல்லை. விடிகிற நேரத்தில் உன் சிநேகிதர்கள் வாசலில் சாரம் கட்டி ஃபிளெக்ஸ் ஏற்றியதும் எனக்குத் தெரியாது. முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சுபேதார் சாப் வந்துவிட்டார் என்று சொன்னார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். அவர் வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷர், செருப்புக் காலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, எனக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"வணக்கம் கேப்டன் சாப்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய மனுஷர் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ராணுவத்தில் இருந்தவனுக்குத் தெரியும் அது என்ன விளையாட்டு என்று. தன் ஹவில்தாருக்கு ஒரு சுபேதார் சல்யூட் அடித்தால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம். நான் அப்போதுதான் மேலே பார்த்தேன். அங்கே நான் இருந்தேன். என் முகம்தான், ஆனால் உடம்பு வேறு யாருடையதோ. தோளில் மூன்று நட்சத்திரம், நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள், பின்னால் பனிமலை, அதற்கு முன்னால் நான் வாழ்நாளில் ஏறியே இராத ஒரு பீரங்கி வண்டி, ஓரத்தில் உறுமுகிற புலி. 'எல்லை காத்த சிங்கம் கேப்டன்' என்று போட்டு என் பெயர். ஓரத்தில் புலியை வைத்துவிட்டுச் சிங்கம் என்று எழுதியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

"சாப், உள்ள வாங்க, சாப்புட்டுப் பேசுவோம்" என்று நான் அவர் கையைப் பிடித்தேன். "நாங் கெளம்புறேன். ஒங்க அந்தஸ்துக்கு நான் பக்கத்துல ஒக்காந்து சாப்புடக் கூடாது" என்று கையை உருவிக்கொண்டு போய்விட்டார். என் பிள்ளை கல்யாணத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன ஆள் அவர் ஒருவர்தான். மொய் கவரை மட்டும் வாசல் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குத் தெரியும். சமையல்கட்டில் தேங்காய் வெட்டுகிற அரிவாளை எடுத்து வந்து சாரத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தேன். உன் மாமனார் வீட்டு ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மிலிட்டரிக்காரர் காலையிலேயே ஊற்றிக்கொண்டார் என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. நீ மாலையும் கழுத்துமாக ஓடிவந்து, "எம் மானத்தையே வாங்கிட்டீங்களேப்பா" என்று கத்தினாய். உன் மானம் அந்தப் பிளாஸ்டிக் துணியில் இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தாலி கட்டுகிறபோது அட்சதையைப் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டேன்.

சிநேகிதர்கள் ஆசைப்பட்டு வைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று உன் அம்மாவிடம் சொன்னாய். அவள் நம்பினாள். நானும் நம்பத்தான் பார்த்தேன். மறுவீடு முடிந்து நீங்கள் ஓசூருக்குக் கிளம்பிய பிறகு, ஃபிளெக்ஸ் அடித்த கடைக்கு விசாரிக்கப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் நல்ல மாதிரி, எதையும் மறைக்கவில்லை. "அண்ணே, எங்களுக்கு வந்த போட்டோவுல கையில மூணு பட்டைதான் இருந்துச்சு. மாப்பிள்ளைதான் போன் பண்ணி, அது சின்னப் பதவி மாதிரித் தெரியுது, ஆபீசர் ட்ரெஸ்ஸா மாத்துங்கன்னாரு. முதல்ல மேஜர்னு போடச் சொன்னாரு, பெறகு ரொம்ப ஓவரா இருக்கும்னு அவரே கேப்டனாக் கொறச்சாரு" என்றான். பெருந்தன்மை உனக்கு. என்னிடம் சீருடையில் இருக்கிற படம் அது ஒன்றுதான். மூன்று பட்டையோடு நான் நிற்கிற ஒரே படம். நீ அதிலிருந்து கழுத்துக்கு மேலே மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டை இருந்த கையை வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறாய். அந்த ஆவண அலுவலகம்கூட இத்தனை வருஷத்தில் எனக்கு இதைச் செய்யவில்லை. அவர்கள் தொலைத்தார்கள், நீ தெரிந்தே வெட்டினாய்.

"புள்ள பெருமைக்குத்தானங்க போட்டான்" என்கிறாள் உன் அம்மா. பெருமைக்குத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. யார் பெருமைக்கு என்பதுதான் கேள்வி. உன் மாமனார் பேங்கில் மேனேஜராக இருந்தவர், பெண்ணின் பெரியப்பா தாசில்தார். அவர்கள் பக்கத்து ஃபிளெக்ஸில் பெயர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய இருந்தது. அதற்கு எதிரே நிறுத்த உனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஆள் உனக்குப் பத்தவில்லை. ஆவணத்தில் என்னை ஒரு படி இறக்கி வைத்திருக்கிறார்கள், நீ பல படி ஏற்றி வைத்தாய். எனக்கு இரண்டும் ஒன்றுதான். நான் என்னவாக இருந்தேனோ அது வேண்டாம் என்றுதான் இரண்டு பேரும் சொல்கிறீர்கள். அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. உனக்குத் தெரியும். அதனால் எனக்கு உன்மேல்தான் அதிகக் கோபம்.

அந்த ஃபிளெக்ஸ் கீழே விழுந்ததோடு போகவில்லை. எவனோ போனில் படம் எடுத்து எங்கள் முன்னாள் படைவீரர்கள் குழுவில் போட்டுவிட்டான். நாயக்காக ஓய்வு பெற்றவர் கல்யாண மண்டபத்தில் கேப்டன் ஆனார், பந்தியில் கர்னல் ஆவார் என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். தல்லாகுளத்தில் என் கோப்பைப் பார்க்கிற அம்மா அந்தப் படத்தைத் தன் போனிலேயே எனக்குக் காட்டினார். "ஐயா, நீங்க இப்பிடிப் பண்ற ஆளில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா இது மேல போச்சுன்னா, பதவியப் பொய்யாச் சொல்லிக்கிற ஆளுன்னு ஒங்க மனுவயே தூக்கிப் போட்டுருவாங்க. மாசக் கடைசிக்குள்ள அந்த சுபேதார் கையெழுத்தையும், இந்தப் படத்துக்கு ஒரு வெளக்கத்தையும் சேத்துக் குடுத்துருங்க. அதுக்கப்பறம் கோப்ப மூடிருவாங்க, பெறகு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். இத்தனை வருஷம் எனக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் குறையாக இருந்தது. இப்போது எனக்கு எதிராகவே ஒரு ஆதாரம் இருக்கிறது. அதை உண்டாக்கிக் கொடுத்தவன் என் மகன்.

மானத்தை விட்டுச் செக்கானூரணிக்குப் போனேன். பஸ் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டும்போதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. சாப் தோட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், முகம் மட்டும் இளகவில்லை.

"சாப், அந்த ஃபிளெக்ஸ நான் வைக்கச் சொல்லல" என்றேன்.

"தெரியும். கயித்த அறுத்ததும் தெரியும். கேள்விப்பட்டேன்."

"பெறகென்ன சாப், கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"நாளைக்கு ஒருத்தன் அந்தப் படத்தத் தூக்கிட்டு வந்து, கேப்டன்னு போட்டுக்கிட்ட ஆளுக்கா நீ சத்தியம் பண்ணுனேன்னு எங்கிட்டக் கேப்பான். அத வச்சது அவன் மகன், அவனுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லணும். நான் அதப் பாத்தேனா? நீ சொல்லித்தான தெரியும். பாக்காததுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒனக்கு மூணாவது பட்டை வச்சத நான் பாத்தேன், அதுக்குப் பண்றேன். போடிப் பயல நீ தூக்கிட்டு வந்ததப் பாத்தேன், அதுக்கும் பண்றேன். மத்தத ஒம் மகன் வந்து எம் மூஞ்சிக்கு நேராச் சொல்லட்டும். சொல்லி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அவன் பேருக்குக் கீழ என் பேரு."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் சுபேதார் அப்படித்தான் பேசுவார். அந்த ஆள் கையெழுத்துக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான். திரும்பி வந்த அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. "ஒரு பட்டைக்கு எதுக்குப்பா இம்புட்டு அலைச்சல்? ஹவில்தாருக்கும் நாயக்குக்கும் வித்தியாசம் இங்க யாருக்குத் தெரியும்? பென்ஷன் பாட்டுக்கு வந்துக்கிட்டுத்தான இருக்கு, விடுங்க. நான் வந்து அவர்கிட்டக் கைகட்டி நிக்கணுமா? அவுங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?" இதுதான் நீ சொன்னது. உன் கம்பெனியில் உன் பதவிக்கு முன்னால் சீனியர் என்ற சொல்லைச் சேர்க்காமல் அடையாள அட்டை கொடுத்துவிட்டார்கள் என்று வேலையையே விடுகிறேன் என்றவன் நீ. அன்றைக்கு உன் அம்மா உன்னைச் சாப்பிட வைக்கப் போனில் கெஞ்சிய கெஞ்சு எனக்குத்தான் தெரியும். உன் பெயருக்கு முன்னால் இருந்தால் அது உழைப்பு, என் பெயருக்கு முன்னால் இருந்தால் அது அலைச்சலா?

வித்தியாசம் யாருக்குத் தெரியும் என்று கேட்டாய். சொல்கிறேன். அந்தப் பாராட்டு அட்டைக்கான பதிவில் என் பெயரும் பதவியும் மட்டும் இருக்காது. அன்றைக்கு எந்த முனையில் என்ன நடந்தது, உள்ளே இருந்தவர்கள் யார், யார் பிழைத்தது, யார் போனது என்று இருக்கும். போடிப் பையனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனைப் பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் எப்படிச் செத்தான் என்று சொல்ல நானும் சாப்பும்தான் மிச்சம், இரண்டு பேரும் கிழடு. என் புத்தகத்தில் அந்தப் பதிவு ஏறாவிட்டால் எங்களோடு அது போய்விடும். அந்த நாளைத்தான் நீ உறுமுகிற புலிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாய். அவன் செத்ததற்கு என் நெஞ்சில் வரிசையாகப் பதக்கம் குத்திப் பார்த்திருக்கிறாய். அரிவாளை எடுத்துக்கொண்டு நான் ஏன் ஏறினேன் என்று உன் மாமனார் வீட்டில் கேட்டால் இதைச் சொல்லு. குடித்திருந்தார் என்று அவர்கள் தொடர்ந்து நம்புவது உனக்குச் சௌகரியம் என்றால், அதையும் நீயே முடிவு செய்துகொள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டாலும் இப்போது கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் பெண்டாட்டிமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அந்தப் பெண் போகும்போது என் காலில் விழுந்து, "கோபப்படாதீங்க மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனது. அவளையும் கூட்டிக்கொண்டு வா, வராவிட்டாலும் சரி. வருகிற திங்கட்கிழமை உனக்கு லீவு கிடைக்கும் என்று அவள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அதனால் அந்தச் சாக்கு வேண்டாம். சாப்புக்கு முன்னால் நீ அழ வேண்டியதில்லை, காலில் விழ வேண்டியதில்லை. போட்டோவை நான்தான் மாற்றச் சொன்னேன், கேப்டன் என்று நான்தான் போடச் சொன்னேன், எங்கப்பாவுக்குத் தெரியாது. இந்த மூன்றையும் சொல்லி, எழுதி, கீழே உன் பெயரைப் போடு. உன் சீனியரையும் சேர்த்தே போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

வராவிட்டால் மாசக் கடைசியில் கோப்பை மூடிவிடுவார்கள். நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. எனக்கும் வயது ஆகிறது, ஒரு நாள் போய்விடுவேன். நம் ஊர் வழக்கப்படி உன் சிநேகிதர்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். பெயருக்கு முன்னால் என்ன போடலாம் மாப்ள என்று உன்னிடம்தான் கேட்பார்கள். நாயக் என்று போட்டால் அது பொய். கேப்டன் என்று போட்டாலும் பொய். ஒன்றும் போடாமல் விட்டால் போடிப் பையனை மறுபடியும் பனிக்குள் புதைத்ததாக ஆகும். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டுமானால், திங்கட்கிழமை காலையில் செக்கானூரணியில் வந்து இறங்கு.